மருந்து ஏற்றிய பன்னிரண்டாம் நாள்

போன மாதம் இரண்டு நர்ஸ் பிள்ளைகள் பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற கீமோ வார்டில் இப்போது வேலை பார்ப்பவர்கள். புதிதாக வரும் நோயாளிகளுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கிறார்களாம். எதுவும் விட்டுப் போயிருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். வாந்தி, முடி கொட்டுதல், வாய்ப்புண், நாக்கில் ருசி கெடுதல், மலச்சிக்கல், கை கால் மரத்துப் போதல், அசதி, வெள்ளை அணு குறைந்து காய்ச்சல் வருதல். எல்லாம் வரிசையாக இருந்தது. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன். அவர்கள் எழுந்திருக்கவில்லை. "நீங்க பாத்த ஆளுகளப் பத்தி எதாவது எழுதித் தாங்க சிஸ்டர், நர்சுகள் மலர்ல போடுவோம்" என்றாள் மூத்தவள். எழுதிப் பழக்கமில்லை என்றேன். "பேசுத மாதிரி எழுதுங்க" என்றாள். அதனால் இது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம் படுக்கை விரித்தேன், ஊசி கொதிக்க வைத்தேன், திட்டு வாங்கினேன். அப்புறம் பிரசவ வார்டில் சில வருடம் சந்தோஷமாக ஓடியது. அந்தச் சமயத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தனியாக ஒரு வார்டு திறந்தார்கள். எட்டு சாய்வு நாற்காலி, இரண்டு கட்டில். அந்த மருந்தைத் தொட்டால் நர்சுக்கும் முடி கொட்டிவிடும் என்று ஒரு பேச்சு. யாரும் போகச் சம்மதிக்கவில்லை. மறுத்துப் பேசத் தெரியாத என்னைப் போட்டார்கள். வீட்டுக்குப் போய் அழுதேன். அப்போது எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை.

வார்டின் பொறுப்பு சிஸ்டர் பாக்கியத்தாய். ஒல்லியாக, உயரமாக இருப்பார்கள். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும், அதுதான் பயம். முதல் நாள் நான் தலையில் நாலு முழம் பிச்சிப்பூ வைத்து, பவுடர் பூசிக்கொண்டு போய் நின்றேன்.

"ஏட்டி, பூவ எடு. மூஞ்சியக் கழுவிட்டு வா."

வேலைக்கு ஆகாதவள் என்று நினைத்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்ததும் மூன்றாவது நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரைக் காட்டினார்கள். என் பூவாசனை பட்டே அவர் வாளியை மடியில் வைத்துக் குனிந்திருந்தார். மருந்து ஏறுகிறவர்களுக்கு மூக்கு பத்து மடங்கு வேலை செய்யும் என்று அன்று தெரிந்தது. தாளிக்கிற வாசம், சோப்பு வாசம், பிச்சிப்பூ வாசம், எல்லாமே குமட்டும். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத்தான் பூ.

சிஸ்டர் யாரிடமும் "எப்படி இருக்கிய?" என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் எல்லாரும் "நல்லாருக்கேன்" என்றுதான் சொல்வார்களாம். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டிய? எத்தன வாய்? வெளிக்கிப் போய் எத்தன நாளாச்சு? சட்டைப் பித்தான நீங்களே போட்டியளா?" என்று கேட்பார்கள். ஒருவர் பித்தான் போட முடியவில்லை என்றால் விரல் மரத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். எரிச்சலாகப் பதில் சொல்கிறவர்களை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். "கோவப்படுதவன் பொய் சொல்ல மாட்டான்" என்பார்கள்.

ஊசிகளில் எங்களுக்குப் பயமானது சிவப்பு மருந்து. ரோஸ்மில்க் நிறத்தில் அழகாக இருக்கும். நரம்பை விட்டு ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் சதை வெந்து போகும். அதை ஏற்றும்போது சிஸ்டர் முக்காலியைப் போட்டு நோயாளிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் வெந்நீர்ப் பையைக் கையில் வைத்து நரம்பை எழுப்ப வேண்டும். ஊசி நரம்பில் இருக்கிறதா என்று பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா பார்க்க வேண்டும். சலைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பைய, பைய மருந்தைத் தள்ள வேண்டும். கொஞ்சம் தள்ளியதும் மறுபடி ரத்தம் வருகிறதா பார்க்க வேண்டும். "எரியுதா? சுள்ளுன்னு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரே வந்து கூப்பிட்டாலும் சிஸ்டர் திரும்பமாட்டார்கள்.

அந்தச் சிவப்பு மருந்தில்தான் நான் முதல் தப்பு செய்தேன். ராதாபுரத்திலிருந்து செல்லக்கனி என்று ஓர் அம்மா, மார்பில் கட்டி. முதல் தடவை மருந்து ஏற்றி, வாந்தி வரும், முடி கொட்டும், வாயில் புண் வரும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்து அனுப்பினேன். இரண்டு நாளைக்கு மூத்திரம் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்படாதீர்கள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் வார்டைத் திறக்கும்போது வாசலில் பதினோரு பேர். செல்லக்கனி நடுவில் சாய்ந்து கிடக்க, சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். ரத்தமாகப் போகிறது, இனிப் பிழைக்காது என்று ஊரே கூடி, முதல் பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறது.

சிஸ்டர் அவர்களிடம் விளக்கிச் சொன்னார்கள். அப்புறம் செல்லக்கனியின் நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். செல்லக்கனி மட்டும் சிரிக்கவில்லை.

"ராத்திரி பூரா என் பிள்ளையள யாரு பாப்பான்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன் தாயி. ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "இவியளக் கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்திட்டு வா" என்றார்கள். வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தம் வரை பதினோரு பேரோடு நடந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். செல்லக்கனி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இரும்ப நக்குன மாதிரி இருக்கு" என்று கீழே வைத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

மைதீன் பிச்சை அண்ணாச்சி வந்தது அதற்குப் பல வருடம் கழித்து. மேலப்பாளையத்தில் கல்யாண வீடுகளுக்கு ஆக்கிப் போடும் பண்டாரி. நெய்ச்சோறு, கறி, பருப்பும் கத்தரிக்காயும் போட்ட தால்சா. அவர் தேதி கொடுத்த பிறகுதான் கல்யாணத்துக்கே நாள் குறிப்பார்கள் என்று அவரே சொல்வார். கழுத்தில் நெறி கட்டியது கரையவில்லை என்று பார்த்ததில் நிணநீர்ப் புற்று. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை மருந்து. குணமாகக்கூடிய வகை என்று டாக்டர் சொன்னார்.

முடி போனதற்கு அவர் கவலைப்படவில்லை. தொப்பி போட்டுக்கொண்டார். வாந்தியையும் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது தடவைக்குப் பிறகு நாக்கு போனது. "சிஸ்டர், என் வாயில கறியும் ஒண்ணுதான், அடுப்புக் கரியும் ஒண்ணுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்றாவது தடவைக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்தன. அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

நாலாவது தடவை மருந்து ஏற்றிய ஒன்பதாம் நாள் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். கூட்டத்துக்குள் போகக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே வர வேண்டும் என்று சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார்கள். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை உடம்பில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். சின்னக் கிருமி வந்தாலும் தடுக்க ஆளில்லை. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "வேற பண்டாரியச் சொல்லியாச்சு சிஸ்டர். நான் நாற்காலியில உக்காந்து பாக்கத்தான் போறேன்."

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் வார்டில் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"சிஸ்டர், நான் பாத்திமுத்து பேசுதேன், மைதீன் பிச்சை வீட்டுல. அவியளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. ஒரே நடுக்கமா இருக்கு."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. நெத்தி சில்லுன்னுதான் இருக்கு. கல்யாண அலைச்சல்னு சொல்லுதாவ."

எட்டு நாற்காலியிலும் ஆள். ஒருவருக்கு ரத்தம் ஏறுகிறது, இன்னொருவருக்கு வாந்தி நிற்கவில்லை. "போர்த்திப் படுக்க வைங்க. கஞ்சி குடுங்க. காலையில முத ஆளாக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிஸ்டர் அடுத்த நாற்காலியில் சலைன் மாற்றிக்கொண்டிருந்தார்கள். "யாரு?" என்றார்கள். சொன்னேன்.

"மருந்து ஏத்தி எத்தன நாள்?"

விரல் விட்டு எண்ணினேன். "பன்னண்டு."

"காய்ச்சல் இல்லன்னு எத வச்சுச் சொன்னா?"

"நெத்தியத் தொட்டுப் பாத்து."

"மாத்திர போட்டாரான்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. சிஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டு போனை எடுத்தார்கள். "பாத்திமுத்து, நான் பாக்கியத்தாய் பேசுதேன். காய்ச்சல் மாத்திர எத்தன போட்டாரு? ... ரெண்டு நாளாவா? ... இல்ல, காலையில இல்ல. இப்பம். சேலை மாத்த வேண்டாம். அங்கன நிக்கிற ஆட்டோவப் பிடிச்சு ஏறு." குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

அண்ணாச்சியை அவருடைய மருமகன் தோளில் தாங்கிக்கொண்டு வந்தான். கல்யாணமாகி மூன்று நாள் ஆன மாப்பிள்ளை. சட்டையில் அத்தர் மணம் போகவில்லை. அண்ணாச்சியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நூற்றிருபது இருக்க வேண்டிய ரத்த அழுத்தத்தின் மேல் கணக்கு எழுபது. சிஸ்டர் மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னார்கள். "இதுலருந்து ஒரு மணி நேரம். அதுக்குள்ள முத ஊசி உள்ள போயிருக்கணும்." டாக்டருக்கு ஆள் ஓடியது. நான் இரண்டு கையிலும் ஊசி குத்தி சலைனைத் திறந்துவிட்டேன். கிருமி எதுவென்று பார்க்க, மருந்து போடுமுன் ரத்தம் எடுத்தாக வேண்டும். அதற்காக வலது கையைத் துடைக்க, அதில் சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன். மூன்று விரலிலும் உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து, மேலே மஞ்சள் பூசியிருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார். "தால்சா கொதிக்குத சத்தம் சரியில்ல. போய் மூடியத் தூக்குனேன். சுட்டதே தெரியல சிஸ்டர். கை தெரியலியே."

மரத்துப் போன விரல் சுட்டது, சுட்ட புண்ணில் கிருமி ஏறியது, காய்ச்சலை மாத்திரை மூடி மறைத்தது. மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வந்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளைக்கு ஆகாது என்று அவர் வாயைத் திறக்கவில்லை. காலையில் வரச் சொன்னேனே, அந்தக் காலை அவருக்கு வந்திருக்காது. நாற்பது நிமிடத்தில் முதல் ஊசி போய்விட்டது. ஆனால் சாயங்காலம்வரை அழுத்தம் ஏறவில்லை. மூத்திரம் சொட்டவில்லை. நான் ஷிப்ட் முடிந்தும் போகவில்லை. பையில் சலசலவென்று மூத்திரம் இறங்கியபோது நானும் அந்த மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். வெளியே யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

மறுநாள் சிஸ்டர் நடந்ததைப் பதிவேட்டில் எழுதினார்கள். 'போனில் முதலில் சொல்லப்பட்டது தவறு, பத்து நிமிடத்தில் திருத்தப்பட்டது' என்று மட்டும் இருந்தது. பேர் இல்லை. நான் பேனாவை வாங்கிப் பக்கத்தில் 'ஜெயசீலி' என்று என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடி வைத்தார்கள். பாத்திமுத்துவிடமும் சொன்னேன். "உங்களக் காலையில வரச் சொன்னது என் தப்பு." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவிய மாத்திர முழுங்குதத பாத்துக்கிட்டே நானும் வாய மூடிக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அன்றிலிருந்து எந்த நோயாளிக்கும் நான் பட்டியல் ஒப்பித்ததில்லை. ஒரு தடவைக்கு ஒன்றுதான் சொல்வேன். அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

வார்டில் சேர்த்த ஐந்தாம் நாள் வெள்ளை அணு ஏறியது. அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது, "கல்யாணத்துல தால்சாவுக்கு உப்பு சரியா இருந்துச்சா?" மருமகன் "நல்லாருந்துச்சு மாமா" என்றான். அவன் போன பிறகு அண்ணாச்சி என்னிடம், "பய பொய் சொல்லுதான். நல்ல பய" என்றார்.

ஆனால் புண் ஆறி ஐந்தாவது தடவைக்கான நாள் வந்தபோது அவர் வரவில்லை. இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சிஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு மேலப்பாளையம் போனார்கள். அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கட்டி முக்காவாசி கரஞ்சிட்டு" என்றார்கள் சிஸ்டர். "ரெண்டு தடவ பாக்கி. இப்பம் நிறுத்துனா திரும்பி வரும். அப்பம் இந்த மருந்துக்கு அது அடங்காமப் போவலாம்."

"கரஞ்சு என்ன செய்ய சிஸ்டர்? நாக்கும் செத்துட்டு, கையும் செத்துட்டு. நான் மட்டும் இருந்து என்ன செய்யட்டும்? வேற எனக்கு என்ன தெரியும்?" கையை எங்கள் முன் விரித்துக் காட்டினார். புதுத்தோல் ரோஸ் நிறமாக இருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ரெண்டும் திரும்பி வருமா?"

நான் சிஸ்டரைப் பார்த்தேன். வரும் என்று சொல்லிவிட்டால் அவர் அந்த நிமிடமே கிளம்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

"நாக்கு வரும்" என்றார்கள் சிஸ்டர். "மருந்து முடிஞ்சு சில மாசம் ஆவும். கைக்கு என்னால உறுதி சொல்ல முடியாது. கொஞ்சம் வரும். முழுசா வராமலும் போவலாம். மரப்பு குடுக்குத மருந்தக் குறைக்கச் சொல்லி டாக்டர்ட்டப் பேசிட்டேன்."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். உள்கதவின் பக்கம் நின்றிருந்த பாத்திமுத்துவின் குரல் வந்தது.

"உப்பு பாக்க நாக்கு இல்லன்னுதான இப்படி உக்காந்திருக்கிய? நான் பாக்கேன். சூடு தெரிய கை இல்லன்னா மூடிய நான் தூக்குதேன்."

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நூறு ஆம்பளைக்கு நடுவுல வந்து அடுப்படியில பொம்பள நிப்பியோ? ஊர் என்ன சொல்லும்?"

"இந்த வீட்டு அடுப்படியில முப்பது வருசமா யாரு நிக்கா? நீங்க வெளியூர்ல ஆக்கிப் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து என் சோத்தத்தான தின்னிய? ஒருநாளாவது உப்பு கொறைன்னு சொல்லியிருக்கியளா?"

சிஸ்டர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு எழுந்து, "நாளைக்குக் காலையில எட்டு மணி. சட்டைப் பித்தான் போட முடியலன்னா பாத்திமுத்து போட்டுவிடட்டும்" என்றார்கள்.

எட்டு மணிக்கு அவர் வந்தார். ஆறும் முடிந்தது. கட்டி முழுக்கக் கரைந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் வேறு நோயாளிகள் சொல்லித்தான் கேட்டேன். மேலப்பாளையத்துக் கல்யாணப் பந்தலில், தேக்சா அண்டாக்களின் வரிசைக்கு நடுவே, முக்காடு போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு பாத்திமுத்து நின்றாளாம். முதலில் ஆட்கள் முணுமுணுத்தார்களாம். சாப்பிட்டு முடித்த பிறகு யாரும் முணுமுணுக்கவில்லையாம். அண்ணாச்சி கரண்டியை நீட்டுவார், அவள் ஊதிக் குடித்துவிட்டுச் சொல்வாள், அவர் அதன்படி செய்வார்.

நான் ஓய்வு பெற்ற அன்று வார்டுக்கு நெய்ச்சோறு ஆக்கித் தருவேன் என்று அண்ணாச்சி பிடிவாதம் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், வார்டுக்கு வாசம் எட்டாத தூரத்தில் அடுப்பு மூட்டினார்கள். எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் பாபநாசத்தில் தங்கையோடு இருந்த பாக்கியத்தாய் சிஸ்டரும் வந்திருந்தார்கள். அண்ணாச்சிக்குத் தாடி நன்றாக அடர்ந்திருந்தது. விரல் நுனி மட்டும் இன்னும் தெரியாதாம். மூடிகளை அவர் தொடவில்லை. வழக்கம்போலக் கரண்டியை நீட்டினார். பாத்திமுத்து குடித்துப் பார்த்து, "ஒரு கை உப்பு போடுங்க" என்றாள். அவர் போட்டார்.

அவர் அப்பால் போனதும் நான் அவளிடம் கேட்டேன். "ஏன் பாத்திமுத்து, அண்ணாச்சிக்கு நாக்கு இன்னுமா திரும்பல?"

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவர் நிற்கும் திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது வந்து ரெண்டு வருசம் ஆச்சு சிஸ்டர். வீட்டுல மீன்கொழம்புல புளி கூடிட்டுன்னு மொகத்தச் சுளிச்சாவ. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா அவிய இன்னும் சொல்லல. நானும் கேக்கல. கரண்டிய நீட்டுதாவ, நான் குடிக்கேன்."

அதற்குள் அங்கிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏ பாத்து, தால்சா கொதிச்சிட்டு. வந்து பாரு."

"இந்தா வாரேன்" என்று அவள் ஓடினாள்.